மூன்று இலக்கத்தை வாசிக்காமல் ஆளை வெட்டாதீர்கள்

மண்டூர்த் திருவிழாவில் ஒருவர் என்னை மறித்துக் கேட்டார். "தம்பி, அந்தப் படிப்பு நிதியை மூடிட்டீங்களா?"

இல்லை, நடக்கிறது என்றேன்.

"அப்ப ஏன் எனக்கு ரெண்டு வருசமாக் கடிதம் வரல்ல?"

அவர் 1990களில் ஊரை விட்டுப் போனவர், இப்போது சுவிஸில் இருக்கிறார். படுவான்கரையில் ஒரு பிள்ளையின் ரியூசன் காசை மாதம் தவறாமல் அனுப்பிக்கொண்டிருந்தவர். கடிதம் நின்றதும் நிதியும் நின்றுவிட்டது என்று நினைத்திருக்கிறார். வீட்டுக்குப் போய்ப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அவருடைய பெயருக்கு நேரே "திரும்பியது, நீக்கப்பட்டது" என்று இருந்தது. நீக்கியது நான்தான். திரும்பி வந்த அந்த மின்னஞ்சலைத் தேடி எடுத்து முதல் தடவையாகக் கடைசி வரை வாசித்தேன். நடுவில் ஓரிடத்தில் 451 என்று இருந்தது.

451 என்றால் ஆள் இல்லை என்று பொருள் இல்லை. "எங்கள் பக்கத்தில் ஒரு கோளாறு, இப்போது எடுக்க முடியவில்லை, பிறகு வாருங்கள்" என்று பொருள். அந்த ஒரு கிழமை அவருடைய சேவையகம், அதாவது அவருக்கு வரும் மின்னஞ்சலை வாங்கி வைக்கும் கணினி, படுத்திருக்கிறது. அதற்காக நான் ஒரு மனிதரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளையின் காசை அதன் பிறகு வேறு யாரோ கொடுத்துச் சமாளித்தோம் என்பது வேறு கதை. ஆனால் அந்த எண் அன்றே என் பெட்டியில் இருந்தது. நான்தான் வாசிக்கவில்லை.

மட்டக்களப்புக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் வாவிக்குக் கிழக்கே கடல் பக்கம் இருப்பது எழுவான்கரை, சூரியன் எழும் கரை. மேற்கே வயலும் காடுமாகக் கிடப்பது படுவான்கரை, சூரியன் படும் கரை. நான் இருக்கும் களுவாஞ்சிகுடி எழுவான்கரையில். எங்கள் நிதி படிப்பிப்பது அக்கரைப் பிள்ளைகளை. காசு தருபவர்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டு கரையிலிருந்தும் போய்க் கனடாவிலும் இலண்டனிலும் சுவிஸிலும் டோகாவிலும் இருப்பவர்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் இருப்பது ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும்தான். அது போனால் ஆள் போனது மாதிரி.

நிதியின் கணக்கைப் பார்ப்பவர் ஓய்வு பெற்ற ஒரு ரீச்சர். பெயர்கள் எல்லாம் அவருடைய சீஆர் கொப்பியில் இருக்கும், அதைப் பார்த்து நான் கணினியில் ஏற்றுவேன். போன மாரியில் ஆண்டுக் கடிதத்தை 640 பேருக்கு அனுப்பினோம். ஒரு கிழமைக்குள் 118 திரும்பி வந்தது. ரீச்சரிடம் சொன்னேன்.

"வெட்டிரு மனே. ஆள் இல்லாத இடத்துக்கு மறுகா என்னத்துக்குக் கடிதம்?"

"இந்த முறை வெட்ட மாட்டன் ரீச்சர். ஒவ்வொண்டா ஏன் வந்ததெண்டு பாத்துப்போட்டுச் சொல்றன்" என்றேன்.

பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை அதிகம் இல்லை. மின்னஞ்சல் சேவையகங்கள் ஒன்றோடொன்று பேசும் மொழிக்கு எஸ்எம்டிபி என்று பெயர். 1982 ஓகஸ்ட்டில் ஜோன் பொஸ்டெல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற இணைய விதிமுறை ஆவணம் அதற்கு அடித்தளம். இன்று நடைமுறையில் இருப்பது 2008இல் வந்த ஆர்எஃப்சி 5321. எங்கள் பக்கத்துச் சேவையகம் ஒரு வரி சொல்லும், அந்தப் பக்கம் மூன்று இலக்கத்தால் பதில் சொல்லும். "இன்னாருக்குக் கடிதம் இருக்கிறது" என்றால் "250", அதாவது சரி. "உள்ளடக்கத்தைத் தரவா" என்றால் "354", தா. எண்ணுக்குப் பின்னால் வரும் வாக்கியம் மனிதர் வாசிப்பதற்கு. அதை அந்தச் சேவையகத்தை நடத்துபவர் தன் விருப்பப்படி எந்த மொழியிலும் எழுதலாம். எண்ணை அப்படி விருப்பப்படி மாற்ற முடியாது. இரண்டு பக்கமும் நம்புவது அதைத்தான்.

முதல் இலக்கத்தில் பாதி விசயம் இருக்கிறது. 2 என்றால் நடந்தது. 4 என்றால் இப்போது முடியாது, திரும்ப முயற்சி செய். 5 என்றால் முடியாது, இதையே அப்படியே திரும்ப அனுப்பாதே. இரண்டாம் இலக்கம் எந்த இடத்தில் சிக்கல் என்று காட்டும். 421இல் நடுவில் இருக்கும் 2 இணைப்பைக் குறிக்கிறது, 550இல் நடுவில் இருக்கும் 5 மின்னஞ்சல் அமைப்பைக் குறிக்கிறது. இந்த மூன்று இலக்கம் போதாது என்று 1996இல் இன்னொரு எண் வரிசை வந்தது. 5.1.1 மாதிரிப் புள்ளி வைத்து எழுதுவது. முதல் எண் அதே 2, 4, 5தான். நடு எண்தான் எனக்கு மிகவும் உதவியது. 1 என்றால் முகவரியில் சிக்கல், 2 என்றால் பெட்டியில், 4 என்றால் வழியில், 7 என்றால் பாதுகாப்பு அல்லது கொள்கை காரணமாக மறுப்பு. இதன் இப்போதைய வடிவம் 2003இன் ஆர்எஃப்சி 3463.

சரி, இந்த எண் திரும்பி வந்த கடிதத்தில் எங்கே இருக்கிறது?

ஒன்றைத் திறந்து காட்டுகிறேன். அனுப்பியவர் இடத்தில் மெயிலர் டீமன் என்று இருக்கும். நம் கண்ணுக்குத் தெரிவது "உங்கள் கடிதத்தைச் சேர்க்க முடியவில்லை" என்ற ஆறுதல் வாக்கியம் மட்டும். ஆனால் ஒழுங்காகச் செய்யப்பட்ட அறிவிப்பு மூன்று துண்டுகளால் ஆனது. முதல் துண்டு அந்த வாக்கியம். மூன்றாம் துண்டு நாங்கள் அனுப்பிய கடிதம் அல்லது அதன் தலைப்பு வரிகள். நடுவில் இருக்கும் துண்டைச் சாதாரணமாக யாரும் திறப்பதில்லை, அது ஒரு சின்ன இணைப்புக் கோப்பு மாதிரித்தான் தெரியும். இயந்திரம் வாசிப்பதற்கென்று எழுதப்பட்டது அது. அதில் "ஃபைனல் ரிசிப்பியன்ட்" என்ற வரியில் யாருக்குப் போகவில்லை என்று இருக்கும். "ஆக்‌ஷன்" என்ற வரியில் தோல்வியா தாமதமா என்று இருக்கும். "ஸ்டேட்டஸ்" வரியில் 5.1.1 மாதிரிப் புள்ளி எண். "டயக்னோஸ்டிக் கோட்" என்ற வரியில் எஸ்எம்டிபி என்ற சொல், அதன் பிறகு அந்தப் பக்கத்துச் சேவையகம் உண்மையில் சொன்ன பதில், 550 5.1.1 என்று எண்ணோடு. எனக்கு வேண்டியது அந்தக் கடைசி வரி. அந்தப் பக்கம் சொன்ன சொல் கிட்டத்தட்ட அப்படியே இருப்பது அங்கேதான்.

நான் முதலில் இதைச் செய்யவில்லை. அவசரத்தில் பைத்தான் நிரல்மொழியில் பத்து வரி எழுதி, கடிதம் முழுவதையும் ஒரே உரையாக்கி, 4 அல்லது 5இல் தொடங்கும் மூன்று இலக்க எண்ணைத் தேடி, கடைசியாகக் கிடைத்ததை எடுக்கச் சொன்னேன். கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் ஒரே விடை வந்தது: 500. எஸ்எம்டிபியில் 500 என்றும் ஒரு பதில் இருக்கிறது, "நீ சொன்ன கட்டளை எனக்குப் புரியவில்லை" என்று பொருள். அதனால் அரை மணித்தியாலம் எங்கள் சேவையகம் ஏதோ தவறாகப் பேசுகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் எங்கள் கடிதத்தையே எடுத்து வாசித்தேன். "ஒரு பிள்ளைக்கு ஒரு பாடத்துக்கு மாதம் 500 ரூபா" என்று ரீச்சர் எழுதியிருந்தார். மூன்றாம் துண்டில் எங்கள் கடிதம் கிடக்கிறது அல்லவா, அங்கிருந்து வந்த 500 அது.

புள்ளி எண்ணிலும் இதே ஆபத்து உண்டு. இணையத்தில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் ஐபி முகவரியும் புள்ளி வைத்த எண்தான். நான்கு எண்ணில் மூன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தால் 5.7.1 மாதிரியே தோன்றும். அதனால் முன்னும் பின்னும் இன்னொரு எண்ணோ புள்ளியோ ஒட்டி நிற்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைக்க வேண்டும். இன்னும் ஒன்று இருக்கிறது. பதில் பல வரியில் வந்தால் கடைசி வரியைத் தவிர மற்ற எல்லா வரியிலும் எண்ணுக்குப் பிறகு இடைவெளி இருக்காது, சிறு கோடு இருக்கும். 550, கோடு, 5.1.1 என்று. "இன்னும் சொல்ல இருக்கிறது" என்பதற்கு அடையாளம் அந்தக் கோடு. என் தேடல் இடைவெளியை மட்டும் எதிர்பார்த்ததால் ஜிமெயில் சொன்ன பதில்களில் பெரும்பாலானவற்றை நழுவவிட்டது.

இதற்குப் பிறகு வரிசையை மாற்றினேன். முதலில் நடுத்துண்டு இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் டயக்னோஸ்டிக் வரி, அது இல்லை என்றால் ஸ்டேட்டஸ் வரி. நடுத்துண்டே இல்லை என்றால் மட்டும் முதல் துண்டின் உரையில் தேடுவது, அங்கேயும் மூன்று இலக்க எண்ணும் புள்ளி எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் மட்டும் நம்புவது. மூன்றாம் துண்டைத் தொடவே கூடாது. பைத்தானின் மின்னஞ்சல் நூலகமே துண்டு துண்டாகப் பிரித்துத் தந்துவிடும், மடித்து எழுதிய வரிகளையும் விரித்துவிடும். அதை விட்டுவிட்டு முழு உரையில் தேடுவது வீண் வேலை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

பலன் என்ன? 118இல் 9 திரும்பிய கடிதமே இல்லை. "விடுமுறையில் இருக்கிறேன்" என்று ஜெர்மன் மொழியிலும் பிரெஞ்சிலும் தானாக வந்த பதில்கள். இன்னும் 31இல் ஆக்‌ஷன் வரி தோல்வி என்று சொல்லவில்லை, தாமதம் என்று சொன்னது. "இன்னும் முயற்சி செய்கிறேன்" என்று எங்கள் சேவையகம் எங்களுக்கே அறிவித்தது அது. அந்த 31இல் எல்லாமே பிறகு போய்ச் சேர்ந்துவிட்டன. முன்பு மாதிரி வெட்டியிருந்தால் நல்ல முகவரி 40 போயிருக்கும்.

இன்னொரு 22 இருந்தது, அதைப் பற்றி எனக்கு இன்றும் மனத்தாங்கல். எல்லாம் 550, எல்லாமே 5இல் தொடங்குபவை, எண்ணின் தலையை மட்டும் பார்ப்பவர் "ஆள் இல்லை" என்று தீர்த்துவிடுவார். ஆனால் புள்ளி எண்ணின் நடுவில் 7 இருந்தது. 5.7.1, 5.7.26. முகவரி சரி, ஆளும் இருக்கிறார், ஆனால் "அனுப்புகிற நீ யார் என்று எனக்கு உறுதியில்லை" என்று மறுத்திருக்கிறது. ஏன் இந்த 22 மட்டும் என்று தேடியபோது அனுப்பிய நேரத்தில் ஒற்றுமை தெரிந்தது. எங்கள் சேவையகத்தில் மணித்தியாலத்துக்கு இத்தனைதான் என்று ஒரு வரம்பு இருக்கிறது. அன்றிரவு அதற்குப் பொறுமை இல்லாமல் கடைசிச் சில பேருக்கு நண்பருடைய சேவையகத்தின் வழியாக அனுப்பியிருந்தேன். எங்கள் டொமைனின் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரின்) சார்பில் எந்தச் சேவையகங்கள் அனுப்பலாம் என்று சொல்லும் பட்டியல்தான் எஸ்பிஎஃப் பதிவு. அந்தச் சேவையகம் அதில் இல்லை, கடிதம் எங்களுடையதுதான் என்று காட்டும் டிகிம் கையொப்பமும் இல்லை. மறுத்தது நியாயம். தவறு முழுக்க என்னுடையது, வெட்டப்படப் போனவர்கள் அவர்கள். எங்கள் சேவையகத்திலிருந்தே திரும்ப அனுப்பினேன், 22உம் போனது.

5இல் தொடங்குவது எல்லாம் செத்த முகவரி என்று எழுதி வைத்திருக்கும் வழிகாட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது தவறு. 5 என்றால் "இப்படியே திரும்ப அனுப்பாதே" என்பதுதான். எதை மாற்ற வேண்டும் என்று அடுத்த எண் சொல்கிறது.

உண்மையிலேயே 5.1.1 வந்தவை 37. இந்தப் பெயரில் பெட்டி இல்லை என்று பொருள். இதில் பலது பழைய முகவரிகள். இரண்டு வருசம் யாரும் திறக்காத தனிநபர் கணக்குகளை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கியது, அப்படி மறைந்தவையும் இதில் இருக்கலாம். இவை தவிர, டொமைனின் பெயரிலேயே எழுத்துப் பிழை உள்ளவை 5 இருந்தன, அவற்றைப் பார்த்த உடனேயே திருத்திவிட்டேன். 37ஐயும் வெட்டுவதற்கு முன்னால் மூலப் படிவத்தோடு ஒரு தடவை ஒப்பிடலாம் என்று ரீச்சர் வீட்டுக்குப் போனேன்.

படிவங்கள் அலுமாரியின் அடித்தட்டில், சிவப்புக் கயிறு கட்டி இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்தோம். ஒரு படிவத்தில் மின்னஞ்சல் முகவரி எழுதுவதற்குக் கோடு போட்டிருந்தோம், நாங்கள்தான் அச்சடித்தது. அந்த ஆள் பெயரையும் ஊரையும் எழுதி நடுவில் அடிக்கோடு போட்டிருக்கிறார். அந்த அடிக்கோடு அச்சுக் கோட்டின் மேலேயே விழுந்து மறைந்துவிட்டது. பேனை மை கொஞ்சம் தடித்து நிற்பது வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் மட்டும் தெரிகிறது. நான் ஏற்றியபோது இரண்டு சொல்லையும் ஒட்டி எழுதிவிட்டேன். ரீச்சர் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது என்னட்டப் படிச்ச பொடியன்ட எழுத்து. இடம் விடாம எழுதுறவன் இல்ல அவன்" என்றார். அடிக்கோட்டைப் போட்டு அனுப்பினேன். அன்று பின்னேரமே கனடாவிலிருந்து பதில் வந்தது. இப்படி 37இல் 6 உயிர்த்தது. அடுத்த முறை படிவத்தில் கோடு போடவில்லை, எழுத்துக்கு ஒரு கட்டம் போட்டோம்.

இந்த வேலை செய்பவர்களுக்கு ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. சில அறிவிப்புகளில் "ஃபைனல் ரிசிப்பியன்ட்" வரியில் உங்கள் பட்டியலிலேயே இல்லாத முகவரி இருக்கும். பல்கலைக்கழகத்தில் இருந்தபோது தந்த முகவரியை ஒருவர் வேறு பெட்டிக்குத் திருப்பி விட்டிருப்பார், அந்த இரண்டாவது பெட்டி மறுத்திருக்கும். எண் கிடைத்தாலும் அது யாருடையது என்று தெரியாது. இதற்கு டி. ஜே. பேர்ன்ஸ்டைன் 1997இலேயே வழி சொல்லியிருக்கிறார், விஈஆர்பி என்று பெயர். ஒவ்வொருவருக்கும் அனுப்பும்போது திரும்பி வரும் முகவரியையே தனித்தனியாக, அவரவர் அடையாளத்தை உள்ளே வைத்து அமைத்துவிடுவது. திரும்பி வந்த கடிதம் எந்தப் பெட்டிக்கு வந்தது என்று பார்த்தாலே யாருக்குப் போனது என்று தெரிந்துவிடும். இப்போது நாங்களும் அப்படித்தான் அனுப்புகிறோம்.

மிச்சம் 14. அவை பெட்டி நிறைந்தவை. சிலதில் 552 5.2.2, பெரும்பாலும் 452 4.2.2. இந்த இரண்டாம் வகையைக் கவனமாக வாசிக்க வேண்டும், ஏனென்றால் ஆக்‌ஷன் வரியில் தோல்வி என்று இருக்கும், எண் 4இல் தொடங்கும். முரண் மாதிரித் தோன்றும், முரண் இல்லை. அந்தப் பக்கம் "பிறகு வா" என்றுதான் கடைசி வரை சொன்னது. எங்கள் சேவையகத்தின் பொறுமைதான் முடிந்தது. நான்கைந்து நாளாவது முயல வேண்டும் என்று ஆர்எஃப்சி 5321 சொல்கிறது, போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் சேவையக மென்பொருள் இயல்பாக 5 நாள் முயன்று கைவிடும். நான் வெட்டிய சுவிஸ்காரருக்கு நடந்ததும் இதுதான்.

அந்த 14இல் ஒருவர் மூன்று வருசமாக ஒவ்வொரு மாரியிலும் புத்தகக் காசு அனுப்புபவர், இலண்டனில் இருக்கிறார். தொலைபேசி எண் மாறிவிட்டது. அக்கா மண்டூரில் இருக்கிறார் என்று கொப்பியில் எழுதியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குருமண்வெளியில் மோட்டார் சைக்கிளோடு பாதையில் ஏறினேன். பாதை என்று நாங்கள் சொல்வது வாவியைக் கடக்கும் மிதவையை. மழைத் தண்ணீர் வந்து வாவி கலங்கி மண்ணிறமாக இருந்தது. பெட்டி நிறைந்து கிடக்கிறது என்றால் திறக்க ஆள் இல்லையோ என்ற பயம் எனக்கு வழியெல்லாம் இருந்தது. பெட்டி நிறைந்தது என்று எண் சொல்லும், ஏன் நிறைந்தது என்று அதனால் சொல்ல முடியாது.

அந்த அம்மா வாசலில் நெல் காயப்போட்டிருந்தார். விசயத்தைச் சொன்னேன். "தம்பி நல்லாத்தான் இருக்கான், நேத்தும் கதைச்சான்" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்து அவரைக் கூப்பிட்டுத் தந்தார். ஜிமெயில் முகவரிதானே, போன் எடுக்கும் படங்கள் எங்கே சேர்கிறது என்று கேட்டேன். கூகுள் கணக்கில் காசு கட்டாமல் கிடைக்கும் 15 ஜிபி இடம் கடிதத்துக்கும் படத்துக்கும் கோப்புக்கும் பொதுவானது. அவருக்கு அது தெரியாது. பேரன் பிறந்து எட்டு மாதம், தினமும் வீடியோ எடுத்திருக்கிறார். அந்த எட்டு மாதமாகத்தான் அவருக்கு ஒரு கடிதமும் வரவில்லை. ஊர்க்காரர் எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன் என்றார்.

அன்றிரவு பெரிய வீடியோக்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுச் சொன்னார். திரும்ப அனுப்பினேன், பதிவேட்டில் 250 விழுந்தது.

ரீச்சரின் சீஆர் கொப்பியில் இப்போது முகவரிக்குப் பக்கத்தில் ஒரு புது நிரல் இருக்கிறது. எண் கிடைத்ததும் அவரிடம் சொல்வேன், அவர் அதில் பென்சிலால் எழுதிக்கொள்வார். பேனையால் எழுத விடுவதில்லை. இலண்டன்காரரின் வரிக்கு நேரே இருந்த 4.2.2ஐ அவரே ரப்பரால் அழித்தார்.